தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை

மாணவர்களே, நீர் வழங்கலுக்கு ஏன் ஒரு தேசியச் சபை தேவைப்பட்டது என்பதை விளங்கிக்கொள்வோம்.

1886இல் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து கொழும்பு நகரம் குழாய் நீரைப் பெற்றது. ஆனால் சிறிய உள்ளூராட்சி மன்றங்களிடம் இத்தகைய திட்டங்களுக்கான நிதியோ பொறியியலாளர்களோ போதியளவில் இருக்கவில்லை. ஓர் ஊருக்கான நீரும் பெரும்பாலும் இன்னோர் ஊரின் ஆற்றிலிருந்தே வரவேண்டியிருந்தது.

இதனால் 1974ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இச்சபை உருவாக்கப்பட்டு, 1975 ஜனவரி 1 முதல் இயங்கத் தொடங்கியது. அதுவரை இப்பணியைச் செய்தது ஓர் அரச திணைக்களமாகும். திணைக்களம் அரசாங்கத்தின் ஓர் அங்கம். சபையோ தனிச் சட்ட ஆளுமை உடையது. அது தன் பெயரில் சொத்து வைத்திருக்கலாம், கட்டணம் அறவிடலாம்.

கட்டணம் மிகக் குறைந்தால் குழாய்களைப் பராமரிக்க முடியாது. மிகக் கூடினால் ஏழைகள் பாதிக்கப்படுவர். எனவே பாவனை கூடக்கூட அலகொன்றின் விலையும் கூடும் முறை பின்பற்றப்படுகின்றது.

பெயரில் 'வடிகாலமைப்பு' இருப்பதையும் கவனியுங்கள். யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலசலகூடக் குழிகளின் கழிவு வெடிப்புகளூடாகக் கிணறுகளை அடையக்கூடும். கழிவுநீரை அகற்றாது தூய நீரை வழங்க முடியாது.

பயிற்சி: திணைக்களத்துக்கும் சபைக்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டு தருக.