கை ஒழியாத டீச்சர்

காலை பதினொரு மணிக்குக் காரைக்குடியைச் சுற்றியுள்ள எந்த ஊர் அங்கன்வாடிக்குள் எட்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். அடுப்பில் சாதம் கொதிக்கிறது. வாசலில் சத்துமாவு வாங்க வந்த கர்ப்பிணி நிற்கிறார். டீச்சர் கைப்பேசியில் பிள்ளைகளின் எடையைப் பதிவேற்றிக்கொண்டிருக்கிறார். சிக்னல் கிடைக்காமல் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி வேப்பம்பழம் ஒன்றைப் பொறுக்கிவந்து அவர் முந்தானையை இழுக்கிறாள். "டீச்சர், இங்க பாருங்க." டீச்சர் திரும்பவில்லை. "இருடி தங்கம், கை ஒழியட்டும்." சிறுமி இன்னும் இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறாள். பிறகு பழத்தைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

அந்த மூன்று இழுப்புகளுக்கும் பதில் கிடைத்ததா இல்லையா என்பதைத்தான் குழந்தை வளர்ச்சி ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அளந்துகொண்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அற்பமாகத் தெரியும். ஆனால் ஏழைப் பிள்ளைகளின் வளர்ச்சி பற்றிய ஆய்வுகள் பலவும் கடைசியில் வந்து நிற்பது அந்த முந்தானை நுனியில்தான்.

பிறக்கும்போது குழந்தையின் மூளை வளர்ந்தவர் மூளையில் ஏறக்குறைய கால் பங்கு எடை இருக்கும். ஐந்து வயதுக்குள் தொண்ணூறு சதவீதத்தை எட்டிவிடுகிறது. ஐந்து வயதுப் பிள்ளை சும்மா படுத்திருக்கும்போது அதன் உடல் எரிக்கும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கை மூளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது என்று 2014-இல் கிறிஸ்டோபர் குசாவா குழுவினர் கணக்கிட்டார்கள். வேறெந்த வயதிலும் மூளை இவ்வளவு தின்பதில்லை. உடம்பு அந்த நாட்களில் மெதுவாக வளர்வதே மூளைக்கு வழிவிட்டுத்தான் என்பது அவர்கள் கருத்து.

இத்தனை சக்தியும் போவது பெரும்பாலும் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று போட்டுக்கொள்ளும் இணைப்புகளுக்கு. முதலில் மூளை அளவுக்கு மிஞ்சி இணைப்புகளைப் போட்டுவிடுகிறது. அடிக்கடி நடமாட்டம் உள்ளவை தடிக்கின்றன. ஆள் நடக்காத கொல்லைப் பாதையில் புல் மண்டுவதுபோல மற்றவை மறைகின்றன. எது நிற்கும், எது போகும் என்பதை முடிவு செய்வதில் சோறும் தூக்கமும் எவ்வளவு முக்கியமோ, எதிரே இருக்கும் மனிதரும் அவ்வளவு முக்கியம்.

எங்கள் பக்கத்து அப்பத்தாக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குழந்தையின் உள்ளங்கையை விரித்து முழங்கையால் பருப்புக் கடைந்து, விரல் விரலாக ஆளுக்கொரு பங்கு கொடுத்து, கடைசியில் கையோடு விரலை நடத்திக்கொண்டுபோய்க் கக்கத்தில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டு ஒன்று உண்டே, அதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முதல் தடவை குழந்தை கடைசியில்தான் சிரிக்கும். நாலாவது தடவை, விரல் நடக்கத் தொடங்கும்போதே தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிக்கும். அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அப்பத்தா வேண்டுமென்றே ஒரு நொடி தாமதிப்பார். குழந்தை அவர் முகத்தைப் பார்க்கும், கையை நீட்டும், 'ம்' என்று கேட்கும். எதிர்பார்ப்பு, நினைவு, முறை வைத்துப் பேசுதல் எல்லாம் அந்த ஒரு நொடியில் பயிற்சியாகின்றன.

இந்தப் பதில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை 1970-களில் எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் சோதித்தார். தாய் சிரித்துப் பேசி விளையாடிக்கொண்டிருப்பார். சொன்னவுடன் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நிமிடம் குழந்தையையே பார்த்திருக்க வேண்டும். சில மாதக் குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, ஒலி எழுப்புகிறது. எதுவும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு துவண்டுவிடுகிறது. தாய் மறுபடி சிரித்ததும் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகின்றன. அதனால் எப்போதோ ஒரு நாள் கை ஒழியவில்லை என்பதில் குழந்தைக்குக் கேடில்லை. அதுவே தினப்படி வழக்கமானால்தான் விபரீதம்.

அதன் தடம் உமிழ்நீரில்கூடத் தெரிகிறது. மன அழுத்தத்தின்போது உடலில் கூடும் கார்ட்டிசால் சுரப்பு, சாதாரணமாகக் காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கிவிடும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மேகன் குன்னர் போன்றவர்கள் காப்பகத்தில் இருக்கும் சிறு பிள்ளைகளின் வாயிலிருந்து பஞ்சில் ஒற்றி எடுத்து அளந்தபோது, வீட்டில் இருக்கும் நாளில் இறங்கும் அதே அளவு காப்பக நாளில் பலருக்கு மாலை நோக்கி ஏறுவதைக் கண்டார்கள். தரம் குறைந்த காப்பகங்களில் இந்த ஏற்றம் அதிகம். அழாமல் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைச் 'சமத்து' என்று நாம் சொல்லிவிடுகிறோம். உள்ளே நடப்பது வேறாக இருக்கலாம்.

சரி, காப்பகத்தின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது? கட்டடம், கழிப்பறை, பொம்மை, முட்டை என்று எண்ணக்கூடியவை சில. எண்ண முடியாதவைதான் சிக்கல்: பிள்ளை கேட்டால் பெரியவர் திரும்புகிறாரா, எந்தக் குரலில், எத்தனை சொல்லில். இவற்றையும் சேர்த்து மதிப்பெண் போடும் அளவுகோல் ஒன்றை 1980-இல் வட கரோலினாவில் தெல்மா ஹார்ம்ஸும் ரிச்சர்ட் கிளிஃபோர்டும் உருவாக்கினார்கள். அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சரிப்படாது. இங்கே பாயில் உட்காரும் பிள்ளை அங்கே நாற்காலியில் உட்காரும். அதனால் சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் தமிழ்நாட்டுக்கென்று அதை மாற்றி அமைத்து 'டீசெர்ஸ்' என்று பெயரிட்டார்கள். அந்தப் பணிக்குப் பின்னால் இருந்தவர் மீனா சுவாமிநாதன். வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனின் மனைவி என்றே பலரும் அவரை அறிவார்கள். அது அவருக்குச் செய்யும் அநியாயம். பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளின் வளர்ச்சி பற்றி 1972-இல் மத்திய அரசுக்கு அறிக்கை தந்த குழுவின் தலைவர் அவர். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்துக்கு, அதாவது இன்றைய அங்கன்வாடிக்கு, அந்த அறிக்கை ஒரு வித்து. தரத்துக்கும் பிள்ளைகளின் கற்கும் திறனுக்கும் உள்ள தொடர்பைத் தமிழ்நாட்டு மையங்களிலேயே பார்த்து 2000-இல் அவர் வெளியிட்ட ஆய்வின் தலைப்பு, 'தரம் முக்கியம்' என்ற பொருளுடையது. அவர் 2022-இல் மறைந்தார்.

உணவைப் பொறுத்தவரை தமிழ்நாடு முன்னோடிதான். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி தாண்டி மேற்கே போனால் கொட்டாம்பட்டி வரும். 1980-இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வெள்ளோட்டம் விடப்பட்ட வட்டாரம் அது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் தராசில் நிறுத்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் தொண்ணூறு நாள் கூடுதல் உணவு, தேறியதும் நிறுத்தம். ஊழியராகச் சேர்க்க ஊரிலேயே தேடினார்கள்: ஏழை வீட்டுத் தாயாக இருக்க வேண்டும், ஆனால் அவர் பிள்ளை நன்றாக வளர்ந்திருக்க வேண்டும். இருக்கிற காசுக்குள் பிள்ளையை ஆளாக்கத் தெரிந்தவர் என்பதற்கு அதைவிட நல்ல சான்றிதழ் எது? அவருக்குக் கொடுத்த வேலைகளும் கொஞ்சம்தான், தெளிவானவை. கடும் ஊட்டச்சத்துக் குறைவு கணிசமாகக் குறைந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1982 ஜூலையில், எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தது.

தராசு அளந்தது எடையை. சோறு போதுமா என்ற கேள்விக்குத் தராசால் பதில் சொல்ல முடியாது. அந்தப் பதில் ஜமைக்காவிலிருந்து வந்தது. 1986-87-இல் கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளைச் சாலி கிரந்தம்-மெக்ரெகர் குழுவினர் நாலு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாராவாரம் பால் மாவு. இன்னொன்றுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதார ஊழியர் ஒருவர் வீட்டுக்கு வந்து, தாயோடு சேர்ந்து குழந்தையுடன் விளையாடுவார். மூன்றாவதற்கு இரண்டும். நாலாவதற்கு எதுவும் இல்லை. வந்தவர்கள் பட்டம் பெற்ற நிபுணர்கள் அல்லர், உள்ளூர்ப் பெண்கள். கையில் ஒரு பை, அதில் வீணான புட்டி, அட்டை, துணியில் செய்த பொம்மைகள். ஒரு வாரம் வீட்டில் விட்டுவிட்டு அடுத்த வாரம் மாற்றிக்கொள்வார்கள். இரண்டு ஆண்டு இப்படி நடந்தது. இருபது ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துச் சம்பளத்தைக் கேட்டார்கள். விளையாட்டுப் பெற்றவர்கள் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். பால் மாவு மட்டும் பெற்ற பிரிவில் அப்படி ஒரு நீண்டகாலப் பலன் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டுச் சத்துமாவைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்டவர்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்து இல்லாத மூளையோடு எத்தனை விளையாடினாலும் ஓரளவுதான். முட்டையும் வேண்டும், முட்டையை ஊட்டும்போது பேச்சும் வேண்டும்.

பேச்சுக்கு ஆள்? தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் அதிகமான அங்கன்வாடிகள் இருக்கின்றன. வழக்கமாக ஒரு டீச்சர், ஓர் உதவியாளர். உதவியாளருக்குச் சமையலே சரியாகிவிடும். இன்னொரு பெண்ணை அரை நாளுக்கு மட்டும், பாடம் சொல்லித்தர என்றே சேர்த்தால் என்ன ஆகும் என்று நம் மாநிலத்திலேயே 320 மையங்களில் சோதித்துப் பார்த்தார்கள் கார்த்திக் முரளிதரன், அலெஹாண்ட்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய பொருளியலாளர்கள். எந்த மையத்துக்குக் கூடுதல் ஆள் என்பது குலுக்கல் முறையில் முடிவானது. 2021-இல் வெளியான முடிவுகள்: பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. பதினெட்டு மாதத்தில், மையத்தில் தொடர்ந்திருந்த பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னேறினார்கள். மொழியில் எவ்வளவு என்றால், நூறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் பிள்ளை இன்னும் பதினேழு பேரைத் தாண்டி முன்னே போய் நிற்பதுபோல.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது யாரும் கேட்காமல் கிடைத்த இன்னொரு பலன். அந்த மையங்களில் உயரக் குறைவும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும்கூடக் குறைந்தன. புதிதாக வந்தவர் சோறு போடவில்லை, எடை பார்க்கவில்லை. பழைய டீச்சருக்குக் கை ஒழிந்தது. அந்த நேரத்தை அவர் சத்துணவுக்கும் சுகாதாரத்துக்கும் செலவிட்டார். அவ்வளவுதான். செய்யத் தெரியாதவர் அல்ல அவர், செய்யவிடாமல் வைத்திருந்தோம்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. ஆண்கள் பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்கப் போயிருந்த காலத்தில், பெரிய வீடுகளின் வளவில் ஒரு குழந்தையைத் தூக்க எத்தனை கைகள் இருந்தன: அப்பத்தா, அத்தை, பெரியம்மா, வேலைக்கு வந்த பெண்கள். ஒருவர் கை ஒழியாவிட்டால் இன்னொருவர். அந்த வீட்டுப் பிள்ளையை இடுப்பில் சுமந்தவரின் சொந்தப் பிள்ளை அந்நேரம் யார் இடுப்பில் இருந்தது என்று கேட்டவர்கள் குறைவு. இன்று பெரிய வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. அந்தப் பெண்களின் பேத்திகள் ஆத்தங்குடிக் கல் வார்க்கும் பட்டறைக்கும், பலகாரம் சுடும் இடங்களுக்கும், சித்தாள் வேலைக்கும் போகிறார்கள். கணவர் திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். ஐம்பது வயது அப்பத்தாவும் வேலைக்குப் போகிறார். இந்த வீடுகளில் பாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. குறைவது ஒழிந்த கைதான்.

அதனால்தான் வெளியே கிடைக்கும் நல்ல கவனிப்பு வசதியான வீட்டுப் பிள்ளையைவிட இவர்களுக்குக் கூடுதலாகப் பயன்படுகிறது. அமெரிக்காவில் 1991-இல் பிறந்த 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்றின் தரவுகளை எரிக் டியரிங் குழுவினர் 2009-இல் அலசினார்கள். தரமான காப்பகத்தில் அதிகக் காலம் இருந்த பிள்ளைகளிடையே, குடும்ப வருமானத்துக்கும் பின்னாளைய கணக்கு, வாசிப்புத் திறனுக்கும் உள்ள பிடிப்பு தளர்ந்திருந்தது. வீட்டின் பங்கே பெரிது என்பதையும் அதே ஆய்வுத்திட்டம் காட்டியிருக்கிறது. காப்பகம் ஒன்றும் மந்திரம் போட்டுவிடாது.

ஆனால் அங்கன்வாடியில் பிள்ளையைப் பகலெல்லாம் விட இரண்டு வயதாக வேண்டும். அதுவரை கிடைப்பது சத்துமாவுப் பொட்டலமும் தடுப்பூசி நினைவூட்டலும்தான். மூளை அதிவேகமாக வளரும் அந்த இரண்டாண்டில், வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை பட்டறை ஓரத் தூளியில் கிடக்கிறது, அல்லது ஆறேழு வயது அக்காவின் இடுப்பில். நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இதை யோசித்திருந்தது: வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் வந்தால், பெண்களில் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ளவே நியமித்து அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்றது அது. பிள்ளை பார்ப்பதும் மண் வெட்டுவதைப்போல வேலைதான் என்று ஒரு சட்டம் எழுதியது எனக்கு இன்னும் வியப்புத்தான். நடைமுறையில் அந்தப் பொறுப்பு, மண்வெட்டி தூக்க முடியாத வயதானவர் தலையில் விழும். மரத்தடியில் பாயை விரித்து, பிள்ளைகள் கண்மாயில் இறங்காமல் அவர் பார்த்துக்கொள்வார்.

அவருக்கு உள்ளங்கையில் பருப்புக் கடையத் தெரியும். கதை தெரியும், தாலாட்டு தெரியும். ஜமைக்காவில் வீடு வீடாகப் போன பெண்களுக்குக் கிடைத்த சில வாரப் பயிற்சியும் பழைய புட்டியும் அட்டையும் நிறைந்த ஒரு பையும் மட்டும் எங்கள் மரத்தடிக்கு இன்னும் வந்து சேரவில்லை.