மறைந்திருக்கும் சிவப்பு

கும்மிடிப்பூண்டி என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? தொழிற்பேட்டை, இரும்பு ஆலைகள், லாரி வரிசை, புறநகர் ரயில். இவ்வளவுதானே? அந்தப் பக்கத்துக்கும் சித்திரத் துணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. அதுவும் நானூறு வருஷத்துச் சம்பந்தம்!

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே போனால் கடலோரத்தில் பழவேற்காடு. இன்று நாம் அங்கே போவது ஏரியையும் பூநாரைகளையும் பார்க்க; திரும்பும்போது கொஞ்சம் இறால் வாங்கி வர. டச்சுக்காரர்கள் வந்தது துணிக்காக. 1613-ல் கெல்டிரியா என்று ஒரு கோட்டை கட்டிக்கொண்டு, 1690 வரை இந்தக் கரை முழுவதற்கும் அதையே தலைமை இடமாக வைத்திருந்தார்கள். இங்கே வாங்கிய சாயத் துணியைக் கிழக்குத் தீவுகளுக்கு ஏற்றிப் போய், கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். கட்டம் போட்ட கைக்குட்டைக்கு ஆங்கில அகராதியில் 'புலிகாட்' என்றே ஒரு பெயர் ஏறிவிட்டது. ஊர்ப் பெயரைச் சரியாக உச்சரிக்க வராவிட்டாலும் துணியின் அருமை தெரிந்திருந்தது, பாருங்கள்!

அந்தச் சாய வித்தையை இன்னும் விடாமல் வைத்திருக்கும் ஊர் ஒன்று அருகிலேயே இருக்கிறது. திருவள்ளூர் ஜில்லாவின் வடக்கு எல்லையைத் தாண்டினால் காளஹஸ்தி. கோயிலுக்குப் போயிருப்பீர்கள்; கலம்காரிக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா? சமையல் தெரிந்த யாருக்கும் அந்த வேலை பாதி புரிந்துவிடும்.

முதலில் வெளுக்காத பருத்தித் துணியைக் கஞ்சி போக அலசி, கடுக்காய்ச் சாறும் பச்சை எருமைப் பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துகிறார்கள். பால் எதற்கு? பாலின் கொழுப்பு இல்லாவிட்டால் மை கசிந்து பரவிவிடும். புளியங்குச்சிக் கரியால் படம் போட்டுக்கொண்டு, மூங்கில் குச்சியின் நுனியில் துணியும் நூலும் சுற்றிய எழுதுகோலை எடுக்கிறார்கள். மை என்பது துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் பானையில் வாரக்கணக்கில் புளிக்க வைத்த நீர். அது துணியிலுள்ள கடுக்காயின் துவர்ப்பைத் தொட்டவுடன் கறுத்துவிடுகிறது.

ஆச்சரியம் இனிமேல்தான். சிவப்பு வேண்டிய இடத்தில் சிவப்பைத் தடவுவதில்லை; படிகார நீரைத் தடவுகிறார்கள். கண்ணுக்கு அநேகமாக ஒன்றும் தெரியாது. ஒரு நாளாவது அதை அப்படியே விட்டுவைத்து, ஓடும் ஆற்று நீரில் அலசி, சாயவேரோ மஞ்சிட்டியோ போட்ட அண்டாவில் கொதிக்க வைத்தால், படிகாரம் தொட்ட இடமெல்லாம் சிவந்து நிற்கும். தொடாத இடத்தில் ஒட்டிய சாயம் சாண நீரிலும் வெயிலிலும் வெளுத்துப் போகும். பிறகு மறுபடி பால், கடுக்காய்ப் பூவில் மஞ்சள், அவுரியில் நீலம், மஞ்சள் மேல் நீலம் விழுந்தால் பச்சை. ஒரு படலத்தின் மேல் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவே காத்திருக்க வேண்டும்.

இந்த வித்தை ஒரு சமயம் அணையப் பார்த்தது. 1952 முதல் அகில இந்தியக் கைத்தொழில் வாரியத்தை நடத்திய கமலாதேவி சட்டோபாத்யாயா இதைக் கண்டு கவலைப்பட்டார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் காளஹஸ்தியில் ஒரு பயிற்சிச் சாலை ஏற்பட்டது. ஜொன்னலகட்டா லக்ஷ்மய்யா என்ற முதியவர் ஆசிரியர். அங்கிருந்து பரவியதால்தான் கலம்காரி இன்று நம் புடவைத் தலைப்புவரை வந்திருக்கிறது. நெடுங்காலம் எழுதுகோல் பெரும்பாலும் ஆண்கள் கையில்தான் இருந்தது. இன்று காளஹஸ்தியில் பெண்கள் பலர் இந்த வேலை செய்கிறார்கள்.

இப்போது 'தங்கிப் படிக்கும் துணிக்கலை வகுப்பு' என்று சில இடங்களில் நடத்துகிறார்களே, அதைப் பற்றிப் பேசலாம். நாலு நாள், ஐந்து நாள் ஓரிடத்தில் தங்கி, சாயம், ஒட்டுத் துணி, நூல் தையல், வண்ணப் பூச்சு எல்லாவற்றையும் அடுக்கடுக்காக ஒரே துணியில் செய்யக் கற்றுத் தருகிறார்கள். புதுமை என்று சொல்லிக்கொள்கிறார்கள், இருக்கட்டும். தேரில் தொங்கும் தொம்பையைப் பார்த்திருப்பீர்களே, வர்ணத் துணிகளை வெட்டி ஒன்றின் மேல் ஒன்றாகத் தைத்தது? வங்காளத்துப் பாட்டிமார் பழம் புடவைகளை அடுக்கி, அதன் கரையிலிருந்து உருவிய நூலாலேயே காந்தா தைத்தார்கள். நைஜீரியாவில் களபாரிப் பெண்கள் இதற்கு நேர் எதிர்! நம் சென்னைக் கட்டம் போட்ட துணியை வாங்கி, பிளேடால் சில இழைகளை அறுத்து உருவி, புது உருவம் வரவழைக்கிறார்கள். அடுக்குவது மட்டுமல்ல, எடுப்பதும் கலைதான்.

ஏன் தங்க வேண்டும், தினம் வீட்டிலிருந்து போய் வந்தால் போதாதா? போதாது. நனைத்தது உலர வேண்டும், பூசியது ஊற வேண்டும். அது நம் பஸ் நேரத்தைப் பார்த்து நடக்காது. மற்றவர் துணி எங்கே கசிந்தது என்று பார்ப்பதிலும் பாதிப் படிப்பு இருக்கிறது.

அதுதான் நம் வீட்டுப் பெண்களுக்குப் பெரிய தடை. நாலு நாள் அடுப்பை யார் கவனிப்பது? கல்யாணம், காரியம் என்றால் நாலு நாள் போகலாம். தனக்கென்று ஒன்று கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றால் வீடே அதிசயமாகப் பார்க்கும். "இதனால் பணம் வருமா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு ஒரு பதில் சென்னைக்குத் தெற்கே இருக்கிறது.

சென்னை ஓவியக் கல்லூரியின் தலைவராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தம் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் சித்திரத்தை விட்டு வேறு வேலை தேடிப் போவதைக் கண்டு வருந்தினார். மெழுகால் சில இடங்களை மறைத்து, மற்ற இடங்களில் சாயம் ஏற்றும் 'பாத்திக்' வேலையைச் செய்து விற்றார்கள். அதுவும் அடுக்கு வேலைதான். ஜாவாவில் பேர் பெற்றது. அந்தப் பணத்தைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஏற்படுத்தினார்கள். துணி சோறு போட்டது. மீதி நேரம் ஓவியம். ஆனால் அவர்கள் கூட்டாகச் செய்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். தனியாக ஒரு பெண் நாலு நாள் கற்றுக்கொண்டு வந்து மறு மாதமே சம்பாதிப்பாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பணம் கட்டுமுன் இரண்டு விஷயம் கேளுங்கள். துணி உலரும் நேரத்தில் என்ன செய்யச் சொல்வார்கள்? நல்ல ஆசிரியர் அந்த நேரத்தில் தையலோ கோடு போடவோ வைத்திருப்பார். அவசரக்காரர் ரெடிமேட் சாயத்தை நீட்டுவார். இன்னொன்று, சாயத் தண்ணீர் எங்கே போகிறது? கடுக்காயும் சாயவேரும் கூட அண்டா அண்டாவாகக் கொட்டினால் பாரம்தான். ரசாயனச் சாயமானால் கேட்கவே வேண்டாம். ஆலைகளுக்கு நடுவே ஓடும் ஆரணியாறும் கொசஸ்தலையாறும் ஏற்கெனவே போதுமான அளவு சுமக்கின்றன.

செய்த துணியை வீட்டுக்குக் கொண்டு வந்தால் வேறு துணிகளோடு சேர்க்காமல், குளிர்ந்த நீரில் பூந்திக்கொட்டை நுரையில் மெல்ல அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். நிழலில் காய வையுங்கள். இஸ்திரி போடுவதானால் உட்புறமாகத் திருப்பிப் போடுங்கள்.