உருகாத டங்ஸ்டன் ஏன் விரிசல் விடுகிறது?

வெல்டிங் லேபில் டிக் டார்ச் பிடித்தவர்களுக்கு டங்ஸ்டன் புதுசு இல்லை. கீழே எஃகு உருகி ஓடும். டார்ச் நுனியில் எலெக்ட்ரோடு அப்படியே நிற்கும். அதன் உருகுநிலை 3,422 டிகிரி செல்சியஸ், உலோகங்களிலேயே அதிகம். அதே எலெக்ட்ரோடைக் குளிர்ந்த நிலையில் தட்டிப் பாருங்கள், சாக்பீஸ் மாதிரி 'டக்'குனு உடையும். அணுக்கரு இணைவு உலைக்குச் சுவர் செய்கிறவர்களின் தலைவலியே இந்த இரண்டாவது குணம்தான்.

இந்தியாவும் சேர்ந்து பிரான்சில் கட்டிவரும் ஈட்டர் உலையில் பிளாஸ்மாவின் வெப்பம் சுமார் 15 கோடி டிகிரி. காந்தப்புலம் அதைச் சுவரில் படாமல் பிடித்து வைக்கும். ஆனால் அடியில் இருக்கும் டைவர்ட்டர், உலையின் சைலன்ஸர் மாதிரி. அங்கே ஒரு சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் வெப்பம் வந்து விழும். கடலூர் சில்வர் பீச்சில் சித்திரை உச்சி வெயில் சுமார் 1 கிலோவாட்தான். அதைப்போல் 10,000 மடங்கு! நெய்வேலி பாய்லர் சுவர் போலவே இங்கேயும் ஒரு பக்கம் நெருப்பு, உள்ளே குழாயில் தண்ணீர். நெருப்பைப் பார்க்கிற பக்கம் டங்ஸ்டன்.

சரி, இதை ஏன் 3டி பிரிண்ட் செய்யணும்? டங்ஸ்டனை மெஷினிங் செய்வது கஷ்டம், ஓரம் பெயர்ந்துவிடும். பிரிண்ட் செய்தால், வளைந்து நெளிந்த குளிர்விப்புப் பாதைகளைக்கூட உள்ளேயே அமைத்துவிடலாம்.

ஆனால் உலோக பிரிண்டிங் என்பது ஆயிரக்கணக்கான குட்டி வெல்டிங்தான். லேசர் பட்ட தூள் உருகி, கண் இமைக்கும் முன் உறைந்து சுருங்கும். சுற்றியிருக்கும் பகுதி சுருங்க விடாது. மைல்டு ஸ்டீல் என்றால் கொஞ்சம் நீண்டு கொடுத்துவிடும். டங்ஸ்டனோ சில நூறு டிகிரிக்குக் கீழே நொறுங்கும் தன்மை கொண்டது. தூளில் கலந்த ஆக்சிஜன் படிக எல்லைகளில் சேர்ந்து இன்னும் பலவீனமாக்கும். விளைவு, வலை வலையாக நுண்விரிசல். விரிசல் வெப்பத்தைக் கடத்தாது; மேற்பரப்பு இன்னும் சூடாகும். விரிசல் வளர்ந்து குழாயைத் தொட்டால் வெற்றிடத்துக்குள் தண்ணீர் கசியும், உலை நிற்கும்.

தீர்வு வெல்டர்களுக்குத் தெரிந்ததுதான்: ப்ரீஹீட் பண்ணு, காற்றுப் படாமல் பார்த்துக்கொள். எலெக்ட்ரான் கற்றை முறையில் வெற்றிடத்தில், தூள் படுக்கையையே பெரும் சூட்டில் வைத்து அச்சிடுகிறார்கள். இந்த முறையில் குறையில்லாத சிக்கலான டங்ஸ்டன் பாகங்களை அச்சிட்டதாக 2024-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் அறிவித்தது.

அச்சிட்டால் மட்டும் போதுமா? முதலில் அடர்த்தி: 19.3-க்கு எவ்வளவு அருகில் வருகிறது? அடுத்து மைக்ராஸ்கோப்பில் விரிசல் தேடல். பிறகு வெவ்வேறு சூட்டில் வளைத்து, எந்த வெப்பநிலைக்கு மேல் நொறுங்காமல் வளைகிறது என்று பார்ப்பது. கடைசியாக எலெக்ட்ரான் துப்பாக்கியால் சுட்டு, நிறுத்தி, மறுபடி சுட்டு, நூற்றுக்கணக்கான சுற்றுகள். இதற்கான உயர்வெப்பச் சோதனைக்கூடம் காந்திநகரில், பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது. உலையில் தொடர்ந்து பொழியும் நியூட்ரான்களைத் தாங்குமா என்பது தனிப் பரீட்சை.

ஆக, உருகுநிலை வெறும் ஹால் டிக்கெட். பரீட்சை விரிசலில்தான்.

இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே செமாஜோர் மையம் இருக்கிறது. ஃபைனல் இயர் புராஜெக்ட் தேடுகிறீர்களா? இரண்டு வார்ப்பிரும்புத் துண்டுகளை ப்ரீஹீட் செய்தும், செய்யாமலும் வெல்டு பண்ணி, டை பெனட்ரன்ட் அடித்து விரிசலை எண்ணுங்கள். வார்ப்பிரும்பும் நீண்டு கொடுக்காத ஜாதிதான். இணைவு உலைச் சுவரின் மையப் பிரச்சினை உங்கள் மேஜையிலேயே தெரியும்.