பற்றுதலும் விடுதலும்

பெரும் பாரத்தைத் தூக்கும் யந்திரத்தைக் கண்டு வியப்போர் பலர். கண்ணுக்கு அரிதாய்ப் புலப்படும் உறுப்பை நசுக்காமல் எடுத்துக் குறித்த இடத்தில் வைக்கும் யந்திர இடுக்கியை வியப்போர் சிலரே. ஒளிவழியே செய்தி கடத்தும் கண்ணாடி இழையின் குறுக்களவு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதன் முனையை லேஸருக்கு நேராக நிறுத்துவதில் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் ஒளி குன்றும். இவ்வேலையில் மனிதன் கை நடுங்கும். பற்சக்கர யந்திரமோ பற்களுக்கிடையேயுள்ள தளர்வினால் தடுமாறும்.

இதற்கு வழி காட்டியது ஸ்படிகம். 1880-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தில் ழாக் கியூரி, பியேர் கியூரி என்னும் சகோதரர்கள், குவார்ட்ஸ் முதலிய ஸ்படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுவதைக் கண்டனர். மின்சாரம் ஊட்டினால் ஸ்படிகத்தின் அளவும் மாறவேண்டும் என்று 1881-இல் காப்ரியேல் லிப்மன் கணித வழியால் கூறினார். அவ்வாண்டே சகோதரர்கள் அதைச் சோதனையால் மெய்ப்பித்தனர். இன்று ஈயம், ஸிர்கோனியம், டைட்டேனியம் சேர்ந்த பீங்கான் தகடுகளை அடுக்கி இடுக்கியை இயக்குகின்றனர்.

இப்பீங்கான் நீள்வது ஆயிரத்தில் ஒரு பங்கே. 10 மில்லிமீட்டர் உயரமுள்ள அடுக்கு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் நீளும். அதை விரலசைவாகப் பெருக்குவதற்கு, ஒரே உலோகத் துண்டில் மெல்லிய கழுத்துகளாகக் கடைந்த கீல்கள் நெம்புகோலாய் உதவுகின்றன. அவற்றில் உராய்வுமில்லை, தளர்வுமில்லை. எனினும், ஏற்றிய மின்னழுத்தத்தை இறக்கும்போது பீங்கான் வந்த வழியே திரும்புவதில்லை. நூற்றுக்கு 10 முதல் 15 வரை பிசகும். ஆதலின், விரலின் நிலையை அளந்து திருத்தும் கருவியும் உடனிருத்தல் அவசியம்.

நிற்க. பற்றுதல் இவ்வாறு கைகூடிற்று. பற்றியதை விடுவது எங்ஙனம்? நம் கையிலுள்ள கல்லை, விரல் திறந்தவுடன் பூமி இழுத்துக்கொள்ளும். சிறுமை உலகில் அந்நியதி செல்லாது. ஒரு பொருளின் நீள அகல உயரங்களைப் பத்தில் ஒரு பங்காக்கினால், எடை ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. மேற்பரப்போ நூறில் ஒரு பங்காகவே நிற்கிறது. ஆகவே, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிற்கும் சிறிய உறுப்புகளில் எடையை ஒட்டும் சக்திகள் வென்றுவிடுகின்றன. காற்றின் ஈரம் இடையிற் படிந்து பிடிக்கிறது, நிலைமின்சாரம் இழுக்கிறது, அணுக்களின் ஈர்ப்பும் சேர்கிறது. விரல் திறந்த பின்னும் உறுப்பு விரலிலேயே தொங்குகிறது. அல்லது எங்கோ துள்ளி மறைகிறது. அதுவரை பட்ட பாடெல்லாம் வீண்!

பரிகாரங்கள் இல்லாமலில்லை. விரல் நுனியைச் சொரசொரப்பாக்கித் தொடும் பரப்பைக் குறைக்கின்றனர், ஈரத்தைக் கட்டுப்படுத்துகின்றனர், வைக்குமிடத்தில் பசை இடுகின்றனர். பீங்கானுக்கே விரைந்து மாறும் மின்சாரத்தை ஊட்டி விரலை அதிரச் செய்து, உறுப்பை உதறி விடுவிப்பதும் உண்டு. ஆயினும், உறுப்பு சிறுக்கச் சிறுக்க உதறல் கடுமையாதல் வேண்டும், விழுமிடமும் விலகக்கூடும். இதுவும் சர்வரோக நிவாரணியன்று.

ஆகையால், இடுக்கியை வகுப்போரும் வாங்குவோரும் அதன் பிடியின் வலிமையை மட்டும் வினவுவது பாதி வினாவே. அழுத்திப் பிடித்தால் ஒட்டு மிகுமேயன்றிக் குறையாது. எடுத்ததை எவ்வாறு விடும் என்பதையே முதலிற் கேட்டல் வேண்டும். அதற்கு விடை கூறாத கருவி, எத்துணை நுட்பமாயினும், கருவியென்னும் பெயருக்கு முற்றும் உரியதன்று என்பதே நமது துணிபு.