அச்சிடாத ஆண்டின் பென்னி

நாடோறும் எத்தனையோ காசுகள் நம் கைவழியே போகின்றன. கடைக்காரர் தரும் மிச்சச் சில்லறையை எண்ணிப் பார்க்கின்றோம். அதன்மேற் பொறித்துள்ள ஆண்டைப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஆயினும் அவ்வாண்டே சில சமயம் ஒரு வெண்கலக் காசைப் பொற்காசினும் விலைமிக்கதாக்கி விடுகின்றது. முகம் ஒன்று, நிறை ஒன்று, பெறுமதி ஒன்று. இலக்கம் மாத்திரம் வேறு. அந்த ஓர் இலக்கத்துக்காகத் தேவாலயத்தின் அத்திவாரக் கல்லையே பெயர்த்தவர்களும் உளர் என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். அக்கதையை முதலிற் கூறுவோம்.

இங்கிலாந்தில் அந்நாளில் 12 பென்னி சேர்ந்தது ஒரு சிலிங். 240 பென்னி சேர்ந்தது ஒரு பவுண். 1932ஆம் ஆண்டில் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட பென்னிகள் அச்சாயின. அடுத்த ஆண்டு பிறந்தபோது வங்கிகளின் பெட்டகங்களிற் பென்னி மலிந்து கிடந்தது. வங்கிகளுக்குத் தேவை உண்டானாலன்றி நாணயசாலை காசு அடித்துக் குவிப்பதில்லை. ஆகவே 1933இல் மக்கள் புழக்கத்துக்கென ஒரு பென்னியும் வெளிவரவில்லை.

அப்படியாயின் 1933ஆம் ஆண்டுப் பென்னி எங்கிருந்து வந்தது? பெருங்கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டும்போது அவ்வாண்டின் காசுகளை ஒரு தொகுதியாகக் கல்லின் கீழ் வைப்பது அந்நாட்டிலும் வழக்கம். நம்மவரும் வீட்டுக்கு அத்திவாரமிடும்போது காசு இடுவதுண்டன்றோ! பென்னியில்லாத தொகுதி குறையாகத் தோன்றுமாதலால், அதற்கென நாணயசாலை விரல்விட்டு எண்ணத்தக்க சில பென்னிகளை அடித்துக் கொடுத்தது. எத்தனை என்று கணக்கெழுதி வைத்தவரில்லை; ஆறோ ஏழோ என்றே இன்றும் கூறுகின்றனர். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் அவ்வாண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் புதிய மாளிகைக்கு அடிக்கல் நாட்டியபோது ஒன்று அதன் கீழே போயிற்று. லீட்ஸ் நகரில் எழுந்த இரு தேவாலயங்களின் கீழ் இரண்டு போயின. பிரித்தானிய நூதனசாலையில் ஒன்றும், நாணயசாலைக்கே உரிய நூதனசாலையில் ஒன்றும் உள்ளன. எஞ்சியவை தனியார் கைக்குச் சென்றன.

இச்செய்தி பரவியதும் சிறுவரும் பெரியவரும் தத்தம் சில்லறையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கலாயினர். விக்டோரியா மகாராணியார் காலத்துப் பென்னிகள் கூட 1960ஆம் ஆண்டுகளிற் புழங்கியமையால், என்றேனும் ஒருநாள் 1933 தம் கைக்கும் வரும் என்று அவர்கள் நம்பினர். புழக்கத்துக்கே போகாத காசு கடைப்பெட்டியில் எப்படி அகப்படும் என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. ஆசைக்குக் கணக்குத் தெரிவதில்லை போலும்!

ஆனால், வேறு சிலருக்குக் கணக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. 1970இல் லீட்ஸ் நகரின் மிடில்ரன் பகுதியிலுள்ள தேவாலயத்தில் திருடர் புகுந்தனர். அவர்கள் உண்டியலைத் தேடவில்லை. அத்திவாரக் கல்லைப் பெயர்த்து, அதன் கீழிருந்த காசுத் தொகுதியைக் கவர்ந்து சென்றனர். மற்றத் தேவாலயத்தினர் இது கண்டு அஞ்சியதில் வியப்பில்லை. றிப்பன் பேராயரின் பணிப்பின்படி தம் கல்லின் கீழிருந்த பென்னியைத் தாமே வெளியே எடுத்து, 1972இல் ஏலத்தில் விற்றுவிட்டனர். இதற்குள், 1971 பெப்ரவரி 15ஆம் திகதி இங்கிலாந்து தசம நாணய முறைக்கு மாறிவிட்டது. பழைய பென்னிகளும் அவ்வாண்டிலேயே செல்லாக் காசுகளாயின.

அவுஸ்திரேலியாவின் கதை இதனினும் சுவையானது. ஏனெனில் அங்கே அரிய காசு மெய்யாகவே மக்கள் கையிற் புழங்கியது. உலகப் பொருளாதார மந்தம் அந்நாட்டையும் வாட்டிய 1930ஆம் ஆண்டிற் புதிய பென்னிகளுக்குத் தேவையிருக்கவில்லை. ஆயினும் மெல்பேண் நாணயசாலையிலிருந்து ஏறக்குறைய 1,500 பென்னிகள் எவ்வாறோ வெளியே வந்துவிட்டன. சோதனைக்காக அடித்தவை என்பார் சிலர். நாணயசாலையைப் பார்க்க வந்தவர்களுக்குக் கொடுத்தவை என்பார் வேறு சிலர். எப்படியாயினும் அவை பிற பென்னிகளோடு கலந்து, பாணுக்கும் பாலுக்கும் கைமாறின. 1940ஆம் ஆண்டுகளிலேதான் சேகரிப்போர் அவற்றின் அருமையை அறிந்தனர். அதன்பின் நாடெங்கும் தேடல் தொடங்கியது. தேடல் மிகுந்த இடத்தில் மோசடியும் தோன்றுவது இயல்பு. வேறு ஆண்டுப் பென்னிகளின் இலக்கத்தைச் சுரண்டி 1930 ஆக்கி விற்றோரும், அதை நம்பிப் பணத்தை இழந்தோரும் அங்கே உண்டு.

மாணாக்கர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. பழைய காசொன்று அகப்பட்டவுடன் செப்புக் குடத்தைத் துலக்குவதுபோற் புளியிட்டுத் தேய்க்க வேண்டாம். காலம் பூசிய நிறம் நீங்கிய காசைச் சேகரிப்போர் விரும்பார். அதன் விலையும் வீழ்ந்துவிடும். நம் வீடுகளிற் சாம்பலுக்கும் புளிக்கும் இரையான காசுகள் எத்தனையோ!

அண்மைக் காலத்திலும் இத்தகைய ஆரவாரம் ஒன்று எழுந்தது. இலண்டனிலுள்ள கியூ தாவரவியற் பூங்காவின் 250ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2009இல் ஏழு பக்கங்களையுடைய 50 பென்ஸ் நாணயம் ஒன்று வெளியாயிற்று. பூங்காவில் 1762 முதல் நிற்கும் சீனப் பாணிக் கோபுரமும், அதனைச் சுற்றிப் படரும் கொடியும் அதில் உள்ளன. அச்சானவை 210,000 மாத்திரமே. ஐந்து ஆண்டுகளாக இதனை எவரும் பெரிதுபடுத்தவில்லை. பலர் தேநீருக்கும் பத்திரிகைக்கும் கொடுத்துச் செலவழித்தனர். புழக்கத்திலுள்ள 50 பென்ஸ் நாணயங்களில் இதுவே மிகக் குறைவானதென்று 2014இல் நாணயசாலை அறிவித்த பின்னரே உண்டியல்கள் உடைபட்டன. முகப்பெறுமதியைப் போல் நூறு மடங்குக்கும் மேல் கொடுத்து வாங்குவோர் தோன்றினர். முதல்நாள் அதைக் கடையிற் கொடுத்துவிட்டு வந்தவர்களின் மனநிலையை நாம் சொல்லவும் வேண்டுமோ?

அந்தப் பெருமையும் நிலைக்கவில்லை. சாள்ஸ் மன்னரின் உருவம் தாங்கிய 2023ஆம் ஆண்டு நாணயங்களுள் சல்மன் மீன் பொறித்த 50 பென்ஸ் 200,000 மாத்திரமே அச்சாயிற்றென்று 2024இல் வெளியான கணக்குக் காட்டிற்று. கோபுரத்தை மீன் வென்றுவிட்டது! சேகரிப்போருக்கென்றே பெட்டியிலிட்டு விற்கும் காசுகள் இவற்றினும் குறைவாக அச்சாவதுண்டு. ஆனால் அவற்றைப் பணங்கொடுத்து வாங்கலாம். வழியிற் கண்டெடுக்க முடியாது. சில்லறையோடு சில்லறையாக வந்து சேரும் காசின்மேல் மக்களுக்கு இத்துணை மோகம் உண்டாவதற்குக் காரணம் அதுவே என்பது எம் எண்ணம்.

இலண்டன் பல்கலைக்கழக மாளிகையின் கீழ் மன்னர் வைத்த பென்னி இன்னும் அங்கேயே கிடப்பதாகக் கூறுவர். மாணவர்கள் அதற்கு மேலே நாடோறும் நடந்து செல்கின்றனர். மாளிகையை இடித்தாலன்றி அதனைக் காண எவராலும் இயலாது.