பின் அச்சின் பற்சில்லுகளை வீட்டில் சரிசெய்தல்

1990இல் வடக்கிற்குப் பொருளாதாரத் தடை வந்த பின்னர், மண்ணெண்ணெயில் ஓடிய ஏ40, மொரிஸ் மைனர் கார்களே பல குடும்பங்களின் சுமையையும் நோயாளரையும் ஏற்றி இறக்கின. அத்தகைய பழைய காரை இன்றும் பிழைப்புக்கு வைத்திருப்போர் உளர். அதன் பின் அச்சு ஊளையிடத் தொடங்கினால், கராச்சுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர் தாமே திருத்த முனைவர். பொறுமையுடன் அளந்து செய்தால் இது முடியும். அளக்காமல் பூட்டினால், அரும்பாடுபட்டு வாங்கிய புதுச் சில்லுகளும் விரைவில் அழியும்.

டிஃபரன்ஷல் ஏன் தேவை?

சூடு மிதிக்கும்போது உள்மாட்டிலும் வெளிமாடு கூட நடப்பதை நாம் அறிவோம். காரும் அப்படியே. பின் சில்லுகளுக்கிடையே 4 அடி இருந்தால், ஒரு முழு வட்டத்தில் வெளிச்சில்லு ஏறத்தாழ 25 அடி கூட ஓடவேண்டும். இதற்கு இடம் கொடுப்பது நடுவிலுள்ள சிறு பற்சில்லுகள். இவற்றைச் சுழற்றுவது பினியனும் கிரவுன் வீலும். மொரிஸ் மைனர் 1000 காரின் ஒரு வகையில் பினியனுக்கு 9 பல், கிரவுன் வீலுக்கு 41 பல். பினியன் நாலரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடச் சுற்றினால் சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்.

கழற்றுமுன்

சத்தம் சில்லுப் பெயாரிங்கிலிருந்தோ ஒயில் குறைவிலிருந்தோ வரலாம். முதலில் அவற்றைப் பாருங்கள். வடித்த ஒயிலில் பல்லின் துண்டுகள் இருந்தால் கழற்றியே ஆகவேண்டும். முன் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழ்ப் புகாதீர்கள். உறுதியான தாங்கிகளில் இறக்குங்கள். பெயாரிங் மூடிகள் கழற்றிய பக்கத்திலேயே திரும்பப் பூட்டப்படவேண்டும், எனவே குறியிடுங்கள். பினியனும் கிரவுன் வீலும் ஒரே சோடி. ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது.

பொருத்தும் ஒழுங்கு

1. பினியனின் ஆழம்: பினியன் தலைக்குப் பின்னாலுள்ள சிம் தகடு இதைத் தீர்மானிக்கிறது. பழைய சோடியையே பூட்டுவதாயின், அதே தடிப்புள்ள தகட்டையே இட்டுத் தொடங்குங்கள்.

2. பினியன் பெயாரிங்கின் இறுக்கம்: ஒயில் சீலைப் பூட்டுமுன், பினியன் தட்டில் நூலைச் சுற்றி விற்றராசால் மெதுவாக இழுங்கள். கைநூல் 12 அங்குல-இறாத்தல் என்று கூறி, தட்டின் ஆரை 2 அங்குலமாயின், சுழலும்போது தராசு 6 இறாத்தல் காட்டவேண்டும்.

3. பல் இடைவெளி: பினியனை அசையாது பிடித்து, கிரவுன் வீலை முன்பின் ஆட்டி, டயல் கேஜால் அளவுங்கள். பல கார்களுக்கு இது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 5 முதல் 8 வரை. உங்கள் காருக்குரிய அளவைக் கைநூலிலோ சில்லில் பொறித்திருக்கும் எண்ணிலோ காணுங்கள். சுற்றிவர நான்கு இடங்களில் அளவுங்கள். மாற்றவேண்டுமாயின், ஒரு பக்கத்துச் சிம் தகட்டை எடுத்து மறுபக்கம் இடுங்கள். அப்போது பக்கப் பெயாரிங்குகளின் இறுக்கம் மாறாது.

4. சாயப் பரீட்சை: கிரவுன் வீலின் சில பற்களில் நீலச் சாயத்தை மெல்லியதாகப் பூசுங்கள். ஒருவர் கிரவுன் வீலை மரத்துண்டால் சற்றுத் தடுக்க, மற்றவர் பினியனைச் சுழற்றவேண்டும். முன்னோட்டத்தில் சுமை தாங்கும் புடைத்த பக்கத்தில், அடையாளம் பல்லின் நடுவே விழுந்தால் சரி.

- பல்லின் உச்சியில் விழுந்தால் பினியனைக் கிரவுன் வீலின் அச்சை நோக்கி உள்ளே தள்ளுக.
- அடியில் விழுந்தால் பினியனை வெளியே எடுக்க.
- அகன்ற வெளிநுனியில் விழுந்தால் கிரவுன் வீலைப் பினியனுக்குக் கிட்டக் கொண்டுவருக.
- ஒடுங்கிய உள்நுனியில் விழுந்தால் அதனை விலக்குக.

ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும். எனவே ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் பல் இடைவெளியை மீண்டும் அளந்து, சாயப் பரீட்சையையும் மீண்டும் செய்யுங்கள். இவ்வேலை ஒரு நாளில் முடியாது போகலாம். டயல் கேஜ் விலையுயர்ந்தது. கடைச்சல் பட்டறையில் இரவல் கேளுங்கள், அல்லது சில குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கலாம்.

இறுதியாக, கைநூல் கூறும் கியர் ஒயிலையே ஊற்றுங்கள். எஞ்சின் ஒயில் இந்தப் பற்களின் அழுத்தத்தைத் தாங்காது. முதலில் சுமையின்றி மெதுவாக ஓட்டி, அச்சைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாதபடி சூடேறினால் நிறுத்தி, பெயாரிங் இறுக்கத்தை மீண்டும் பாருங்கள். நெல் மூட்டை ஏற்றுவது அதன் பின்னரே.