சிறுநீர் சொல்லும் சேதி

சிறுநீரின் நிறம் என்ன? வெளிர் மஞ்சள். தண்ணீர் குறைவாகக் குடித்தால் அடர்ந்த மஞ்சள். இது எல்லோருக்கும் தெரியும்.

சிலருக்குத் திடீரென்று ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. வலி இல்லை. எரிச்சல் இல்லை. இரண்டு நாளில் பழைய நிறம் வந்துவிடுகிறது. "உடம்புச் சூடுதான்" என்று சொல்லி மோரும் இளநீரும் குடிக்கிறார்கள். பிறகு மறந்துவிடுகிறார்கள்.

அது சூடாக இல்லாமல் இருக்கலாம். சிறுநீர்ப்பையில் புற்றுநோய் தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றும் வாய்ப்பு மிகவும் அதிகம்.

சிறுநீர்ப்பை எங்கே இருக்கிறது?

முதுகுப் பக்கம் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. அவை ரத்தத்தில் உள்ள கழிவை வடிகட்டுகின்றன. அந்தக் கழிவுநீர்தான் சிறுநீர். அது இரண்டு குழாய்கள் வழியாக அடிவயிற்றில் உள்ள ஒரு பைக்கு வருகிறது. அதுவே சிறுநீர்ப்பை. சுமார் அரை லிட்டர் வரை அதில் கொள்ளும்.

ரத்தத்தில் நஞ்சு கலந்தால் அதுவும் சிறுநீரோடு இந்தப் பைக்கு வரும். நாம் சிறுநீர் கழிக்கும் வரை அது பையின் உட்சுவரில் பட்டுக்கொண்டே இருக்கும். அங்குதான் தொல்லை தொடங்குகிறது.

ஓர் எழுத்து மாறினால்...

வீடு செங்கற்களால் ஆனது. நம் உடல் செல்களால் ஆனது. செல் மிகமிகச் சிறியது. கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு செல்லும் எப்போது வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டளைகள் அதற்குள்ளேயே எழுதப்பட்டுள்ளன. இந்தக் கட்டளைகளை மரபணுக்கள் என்கிறோம். தமிழுக்கு 247 எழுத்துகள். மரபணுக்களுக்கு நான்கே எழுத்துகள். அந்த நான்கும் மாறி மாறி வந்து, ஒரு செல்லில் சுமார் 300 கோடி எழுத்துகளுக்குக் கட்டளை நீள்கிறது.

'நில்' என்று எழுதிப் பாருங்கள். அது ஒரு கட்டளை. முதல் எழுத்தை மட்டும் மாற்றி 'நெல்' என்று எழுதுங்கள். இப்போது அது கட்டளையே இல்லை. யாரும் நிற்கமாட்டார்கள்.

செல்லுக்குள்ளும் இப்படித்தான் நடக்கிறது. எழுத்து மாறினால், நிற்க வேண்டிய செல் நிற்பதில்லை. ஒன்று இரண்டாகிறது. இரண்டு நான்காகிறது. இப்படிச் சில மாற்றங்கள் ஒன்றுசேர்ந்தால் கட்டி உண்டாகிறது. அதுதான் புற்றுநோய்.

இதை முதலில் தெளிவாகக் காட்டியதே சிறுநீர்ப்பைப் புற்றுநோய்தான். 1982-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விஞ்ஞானிகள் இந்த நோயின் செல்களை ஆராய்ந்தார்கள். ராஸ் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டார்கள். மனிதப் புற்றுநோயில் இப்படி ஒரு மாற்றம் தெரிந்தது அதுவே முதல் முறை.

இந்த மாற்றங்கள் பெரும்பாலும் பிறவியில் வருவதில்லை. வாழும் நாளில் வருகின்றன. இந்த நோய் தொட்டால் ஒட்டாது. சேர்ந்து சாப்பிட்டாலும் பரவாது. இது யாருடைய பாவமும் அல்ல.

எழுத்தை மாற்றுவது எது?

முதல் காரணம் புகை. பீடி, சிகரெட் புகையில் உள்ள நஞ்சு நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் அதை வடிகட்டிச் சிறுநீர்ப்பைக்கு அனுப்புகிறது. அமெரிக்காவில் இந்த நோய் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் புகைப்பழக்கமே காரணம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. புகையை விட்டுவிட்டால் ஆண்டுகள் செல்லச் செல்ல ஆபத்து குறையும்.

இரண்டாவது காரணம் சில சாயப் பொருள்கள். ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற மருத்துவர் 1895-ஆம் ஆண்டில் இதைக் கவனித்தார். சாயத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதை எடுத்துச் சொன்னார்.

பென்சிடின் என்பது அப்படி ஒரு கொடிய பொருள். அகமதாபாத்தில் பென்சிடினும் அதைக் கொண்டு சாயமும் தயாரித்த தொழிலாளர்களை ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். உடலைக் கீறவில்லை. சிறுநீரை வாங்கினார்கள். அதில் உதிர்ந்திருந்த செல்களைப் பார்த்தார்கள். மரபணுவின் மேலேயே பென்சிடின் நஞ்சு ஒட்டியிருந்தது! 1996-ஆம் ஆண்டு இந்த ஆய்வு வெளியானது. பென்சிடின் சாயங்களுக்கு இந்திய அரசு 1990-களில் தடை விதித்தது. ஆனால் தடைக்கு முன் அந்த வேலை செய்தவர்கள் இன்றும் கவனமாக இருக்க வேண்டும். நஞ்சு பட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் நோய் வரலாம்.

குழாய் இல்லாமல் கண்டுபிடிக்க முடியுமா?

இப்போது மருத்துவர்கள் பெரிதும் நம்பும் சோதனை ஒன்று உண்டு. விளக்கு பொருத்திய மெல்லிய குழாயைச் சிறுநீர் வரும் வழியே உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். மரத்துப்போக மருந்து தருவார்கள். ஆனாலும் பலர் இதற்குப் பயப்படுகிறார்கள், கூச்சப்படுகிறார்கள்.

இந்த நோய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கட்டியை அகற்றிய பிறகும் திரும்பத் திரும்ப வரும். அதனால் குழாய்ச் சோதனையையும் பல முறை செய்ய வேண்டியிருக்கிறது.

அதனால்தான் விஞ்ஞானிகள் சிறுநீரைப் படிக்கப் பார்க்கிறார்கள். பையின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்கள் சிறுநீரோடு வெளியே வருகின்றன. கெட்டுப்போன செல்களும் வருகின்றன. அவற்றை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை பழையது. பெரிய மருத்துவமனைகளில் உண்டு. வேகமாக வளரும் புற்றுநோயை அது நன்றாகக் காட்டும். மெதுவாக வளர்வதைப் பல நேரம் தவறவிடும்.

புதிய சோதனை செல்லின் எழுத்துகளையே படிக்கிறது. டெர்ட் என்று ஒரு மரபணு உண்டு. வயதான செல் ஒருநாள் சாக வேண்டும். டெர்ட் மரபணுவின் தொடக்கத்தில் ஓர் எழுத்து மாறினால் செல்லுக்குச் சாகாவரம் கிடைத்தது போல ஆகிவிடும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் இந்த மாற்றம் இருக்கிறது.

ஈரான் நாட்டின் கோலஸ்தான் மாநிலத்தில் 2004 முதல் 2008 வரை சுமார் 50,000 பேரை ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். சிறுநீரையும் வாங்கிக் குளிரில் பாதுகாத்தார்கள். பிறகு அவர்களில் சிலருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்தது. பழைய சிறுநீரை எடுத்துச் சோதித்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேரின் சிறுநீரில் டெர்ட் மாற்றம் இருந்தது. சிலரிடம் நோய் தெரிவதற்கு 10 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது! 2020-ஆம் ஆண்டு இந்த முடிவு வெளியானது.

ஆனால் மீதிப் பேரிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. ஆகவே, சிறுநீர்ச் சோதனையில் ஒன்றும் இல்லை என்றால் நோயே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. இந்தப் புதிய சோதனை எல்லா ஊர்களிலும் கிடைப்பதும் இல்லை. மருத்துவர் குழாய்ச் சோதனை வேண்டும் என்றால் மறுக்காதீர்கள்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

சிறுநீரில் ஒரே ஒரு முறை ரத்தம் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும். தானாக நின்றுவிட்டாலும் போக வேண்டும். ரத்தம் நின்றதால் நோய் நின்றது என்று பொருள் அல்ல.

ரத்தம் வந்தாலே புற்றுநோய் என்றும் நினைக்க வேண்டாம். கல்லாக இருக்கலாம். கிருமியாக இருக்கலாம். பீட்ரூட் சாப்பிட்டால்கூட நிறம் மாறும். எது என்று மருத்துவர்தான் சொல்ல முடியும்.

இந்த நோய் ஆண்களுக்கே அதிகம் வருகிறது. ஆனால் பெண்களுக்கும் வரும். பெண்கள் இதை மாதவிலக்கு என்றும் நீர்க்கடுப்பு என்றும் நினைத்துவிடுகிறார்கள். கடுப்புக்கு மருந்து சாப்பிட்ட பிறகும் ரத்தம் வந்தால் மறுபடியும் மருத்துவரைப் பாருங்கள்.

மருத்துவரிடம் மூன்று செய்திகளை மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தம் எத்தனை முறை வந்தது? புகைபிடிக்கும் பழக்கம் உண்டா? என்ன வேலை செய்தீர்கள்? இந்த மூன்றும் மருத்துவருக்கு வழி காட்டும்.

பேசிப் பாருங்கள்

1. சிறுநீரில் ரத்தம் வந்தால் உங்கள் ஊரில் என்ன செய்கிறார்கள்?
2. இதை வெளியே சொல்ல ஏன் கூச்சப்படுகிறார்கள்? கூச்சத்தை எப்படிப் போக்கலாம்?
3. சாயம், ரசாயன வேலை செய்பவர்கள் உங்கள் பகுதியில் இருக்கிறார்களா? அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுவீர்களா?